வேடியப்பன் குடுமியில் நின்ற பிறை

ஆலங்காயத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற சலூன் என்னுடையது. இன்றைக்கு என் மகன் பார்க்கிறான், ஆனால் பலகையில் என் பெயர்தான்: ராஜாக்கண்ணு சலூன். மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தீர்ந்துபோயிற்று. வாத்தியார் பாடம் நடத்தும்போது நான் அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பக்கம் இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதுதான் என் யோசனை. பாடம் எங்கே ஏறும்?

என் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வூடு வூடாகப் போய்ச் சிரைத்தவர். அறுப்பு முடிந்தால் கூலித் தானியத்துக்காகக் களத்து மேட்டில் முறத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு மீசை முளைத்த வருஷமே சொல்லிவிட்டேன், "இனிமே நான் தலையைத் தேடிப் போவ மாட்டேன், தலைங்க என்னைத் தேடி வரட்டும்" என்று. அப்பா சிரித்தார். ஆளுயரக் கண்ணாடியை வாணியம்பாடியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தேன். சுற்றுகிற நாற்காலி திருப்பத்தூரிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. அது இறங்கின அன்றைக்கு ஊரே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அப்பாவும் சுற்றினார்.

காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற ஆபீஸ் வந்தபிறகு அங்கே வேலை பார்த்தவர்கள்கூட முடி வெட்ட என்னிடம்தான் இறங்கி வருவார்கள். ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து என் நாற்காலியில் தூங்குவார்கள். பெரிய படிப்புத் தலைகள். கைக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் இத்தனை தலைகளில் எந்தத் தலையால் உனக்குப் பேர் என்று யாராவது கேட்டால், படித்த தலை எதையும் சொல்ல மாட்டேன். மலை மேலே அத்திக்கொல்லை என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. காவலூரிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். அந்த ஊர் வேடியப்பக் கவுண்டர் தலை. அவர் கதையை எழுதி வைக்கிறேன். என் கதையும் நடுவில் வரும். வராமல் எப்படி எழுத முடியும்?

வேடியப்பன் சாமை விதைத்து, புளி உலுக்கி, தேன் எடுத்துப் பிழைத்தவர். பாறையில் தொங்குகிற தேனடைக்குக் கொடியைப் பிடித்து இறங்குகிற ஆள். உடம்பு கருங்காலிக் கட்டை மாதிரி. தோள் அகலம், தொடை அகலம், மனசும் அகலம். கடவுள் எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுத்துவிட்டுத் தலைக்கு வந்தபோது கை சுருங்கிவிட்டது. முடி இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் பட்டு நூலைப் பிரித்துவிட்ட மாதிரி மெல்லிசு. எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் மண்டையோடு படுத்துக்கொள்ளும். எழுபதுகளில் எல்லாம் அந்த மலையில் பெரிய ஆம்பிளைகள் குடுமிதான் வைத்திருப்பார்கள். மற்றவர்கள் குடுமி தேங்காய் மாதிரி, கொய்யாக்காய் மாதிரி இருக்கும். இவருடையது சுண்டைக்காய். அவிழ்த்துவிட்டால் எலிவால். ஊரில் அதுதான் பட்டப்பெயர்.

அவர் சம்சாரம் செல்லி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். கல்யாணமான புதிதில் யாரோ, "உம் புருசனுக்கு முடி பத்தாதே" என்று சீண்டினதற்கு, "நான் இன்னா அதைப் புடிச்சா தொங்கப் போறேன்?" என்று கேட்டவள். இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்படியே காலம் போயிருக்கும். வேடியப்பனும் எலிவாலோடு சந்தோஷமாக இருந்திருப்பார். அவர் அப்பா செத்ததில்தான் சிக்கல் வந்தது.

அத்திக்கொல்லையில் காளிக்குச் சித்திரை மாசம் திருவிழா. அதில் பிறை எடுப்பது என்று ஒரு வழக்கம். உள்ளங்கை அகலத்தில் பித்தளையில் செய்த பிறை ஒன்று கோயிலில் இருக்கிறது. அடியில் சீப்புப் பல் மாதிரி இரண்டு முனை. அதைக் குடுமியில் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் தீர்த்தக் குடத்தை ஏந்திக்கொண்டு, ஊற்றிலிருந்து கோயில் வரைக்கும் மேட்டில் ஏறி வர வேண்டும். கயிறு கூடாது, ஊசி கூடாது, சவுரி கூடாது. சொந்த முடி மட்டும்தான் பிறையைப் பிடிக்க வேண்டும். வழியில் பிறை விழுந்தால் காளிக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதோடு அந்த உரிமை அடுத்த பங்காளி வூட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. வேடியப்பன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் குடுமியில் பிறையைச் செருகினால் மரத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்குமாம். அப்பா போனபிறகு மூத்த மகன் இவர்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த பங்காளி சின்னக்குழந்தை. வேடியப்பனுக்குச் சித்தப்பா மகன், வயசில் சின்னவன். அவனுக்கு இருந்ததே முடி! இரண்டு கையால் பிடித்தாலும் அடங்காது. கருமாதி முடிந்து இலை எடுப்பதற்குள்ளேயே வந்து, எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னானாம், "அண்ணே, சித்திரையில நான் உம் பின்னாடியே நடந்து வர்றேன். கீழ வுழுந்தா மண்ணு ஒட்றதுக்குள்ள எடுத்துக்கலாம் பாரு."

வேடியப்பன் வூட்டுக்கு வந்து ஆமணக்கெண்ணெயை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். முடி தடிக்க வேண்டுமென்றால் கெட்டியான எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது அந்த மலையில் எல்லாருக்கும் இருந்த எண்ணம். பயிருக்கு எரு போடுகிற கணக்கு. ஊற்ற ஊற்ற, இருந்த கொஞ்சமும் மண்டையோடு ஒட்டிக்கொண்டது. எண்ணெயில் நம்பிக்கை போனதும் தேனுக்குப் போனார். வூட்டில்தான் குடம் குடமாக இருக்கிறதே. தேனைத் தடவிக்கொண்டு வேப்பமரத்தடியில் ஒரு மத்தியானத் தூக்கம் போட்டிருக்கிறார். எறும்பு வரிசை கட்டி ஏறிவிட்டது. தேனடைக்கு இறங்கும்போது கொட்டுகிற தேனீக்கு அஞ்சாத மனுஷன், எறும்புக்கு அலறிக்கொண்டு ஊரைச் சுற்றி ஓடினார். அன்றைக்குச் சின்னக்குழந்தை சிரித்த சிரிப்பு காவலூர் வரைக்கும் கேட்டதாம். மறுநாளே வேடியப்பன் பழையபடி எண்ணெய்க்குத் திரும்பிவிட்டார்.

அதற்கு அடுத்த சந்தை நாளில்தான் புருஷனும் பொண்டாட்டியும் என் சலூன் வாசலில் வந்து நின்றார்கள். பொம்பளைகள் சலூனுக்குள் வர மாட்டார்கள். செல்லி வாசற்படியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"அண்ணே, முடி வெட்டுற கடை இதுதானே?"

"ஆமாம்மா."

"முடி வளக்கவும் தெரியுமா, வெட்ட மட்டுந்தானா?"

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "ராஜாக்கண்ணுக்குத் தலையில தெரியாத வேலை எதுவும் கிடையாது. ஆளை வுள்ள அனுப்பு" என்றேன்.

வேடியப்பன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அது சுற்றும் என்று தெரியாது. சுற்றினதும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பாறையில் தொங்குகிற ஆள்! குடுமியை அவிழ்த்தேன். கை முழுக்க எண்ணெய். பலகாரச் சட்டியில் கை விட்ட மாதிரி இருந்தது.

"கவுண்டரே, எத்தினி நாளா இப்படி ஊத்துறீங்க?"

"எங்கப்பா செத்ததுலேர்ந்து."

"இனிமே வுட்டுடுங்க. ஈரத்துணியைக் கொடியில போட்டா நிமிந்து நிக்குமா? உங்க முடி மெல்லிசு. அது மேல இம்மாம் பாரத்தை ஏத்தி வச்சிட்டு, நில்லு நில்லுன்னா எப்படி நிக்கும்?"

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"முதல்ல இந்த வாலை நாலு விரக்கடை வெட்டிடணும். நுனி எல்லாம் ஒண்ணொண்ணா இழுத்துக்கிட்டு இருக்குது. ஒரே மட்டமா வெட்டினா அடர்த்தி தெரியும்" என்று சொல்லிக் கத்திரியை எடுத்தேன்.

அவ்வளவுதான். கழுத்தில் கட்டின துணியோடு எழுந்து ஓடினார். பஸ் நிற்கிற இடத்தில் வாணியம்பாடி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர், "சீக்கிரம் ஏறு, சீக்கிரம் ஏறு" என்று கை கொடுக்கிறான். செல்லி பின்னாலேயே போய்த் துணியைப் பிடித்து இழுத்து வந்தாள். குடுமியில் இரும்பு படக் கூடாதாம். பட்டால் பிறை எடுக்கவே கூடாதாம். சரி, கத்திரியை உள்ளே வைத்தேன். என் தொழிலில் கத்திரியை எடுத்துவிட்டு வெட்டாமல் உள்ளே வைத்தது அந்த ஒரு தரம்தான்.

கத்திரி இல்லாமல் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை, தலை ஆட்டுவார், மறந்துவிடுவார். வாசற்படியைப் பார்த்தே பேசினேன்.

"தங்கச்சி, எண்ணெயை நிறுத்து. வேணும்னா குளிக்கிறதுக்கு முன்னால நுனியில மட்டும் ரெண்டு சொட்டு. சீயக்காயோட வெந்தயமும் செம்பருத்தி எலையும் சேத்து அரைச்சித் தேய்ச்சி, நல்லா அலசணும். கடைசியா, சாமைச் சோறு வடிச்ச கஞ்சி இருக்குதே, அதைத் தண்ணியா தெளிய வச்சி, முந்தின நாளுதா லேசாப் புளிச்சிருக்கணும், அதைத் தலையில ஊத்து. அந்தக் கஞ்சிதான் முடிக்குத் தெம்பு. வேட்டிக்குக் கஞ்சி போட்டா நிக்குது இல்ல?"

"நிக்கும்."

"அதேதான். அப்புறம் ஆளைக் குனிய வச்சித் தலையைக் கீழ தொங்கப் போட்டுக் காய வைக்கணும். சீப்பு வேணாம், வெரலால வேருலேர்ந்து கோதி வுடு. குங்கிலியப் புகை காட்டு. குடுமியை இறுக்கி இழுத்துக் கட்டக் கூடாது. தூங்கும்போது நெத்திப் பக்கம் தூக்கி லூசா முடிஞ்சி வுடு. எப்பவும் ஒரே பக்கம் படுத்துப் பழகின முடி, வேற பக்கம் திருப்பினா கோவிச்சிக்கிட்டு எழுந்து நிக்கும்."

"மனுசன் மாதிரியேதான் இருக்குது" என்றாள் செல்லி.

வேடியப்பனுக்குச் சந்தேகம். "வெறும் கஞ்சித் தண்ணியில நிக்குமா?" என்று கேட்டார்.

"நிக்கலைன்னா எங் கடை வாசல்ல வந்து நின்னு, ராஜாக்கண்ணு பொய் சொல்லிட்டான்னு கத்துங்க" என்றேன். ஜனங்கள் இருக்கும்போது சொன்ன வார்த்தை. அதனால் அவர் பிறை என் கடைப் பலகையிலும் மாட்டிக்கொண்டது.

மாசி போனது, பங்குனி வந்தது. சந்தைக்குச் சந்தை இரண்டு பேரும் வருவார்கள். தேன், சாமை என்று ஏதாவது கொண்டுவருவாள் செல்லி. நான் குடுமியை அவிழ்த்துப் பார்ப்பேன். முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போனது. பிறகு முடி முடியாகப் பிரிந்தது. பிறகு ஒருநாள் கையை உள்ளே விட்டால் விரலை முடி தூக்கிற்று. புதுசாக ஒரு முடிகூட முளைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். இருந்த முடிதான் படுக்கையை விட்டு எழுந்திருந்தது. சுண்டைக்காய் நெல்லிக்காயாகி, பங்குனிக் கடைசியில் நல்ல எலுமிச்சம்பழமாக நின்றது.

வேடியப்பன் ஆளே மாறிவிட்டார். சந்தையில் சின்னக் கண்ணாடி ஒன்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். புளி பேரம் பேசும்போதே எடுத்துப் பார்ப்பார். யாராவது எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கம் தெரிகிற மாதிரி நின்று பேசுவார். செல்லி என்னிடம் வந்து முறையிட்டாள், "அண்ணே, வெறகு ஒடிக்கச் சொன்னா முடி கலைஞ்சிடும்ன்றாரு. நீ தலையைச் சரி பண்ணிக் குடுத்த, ஆளைக் கெடுத்துட்ட."

சின்னக்குழந்தை நோட்டம் பார்க்கவே ஒருதரம் என் கடைக்கு வந்தான். சவரம் என்று சொல்லி உட்கார்ந்தான். முகத்தில் நுரை போட்டதும் கேட்டான், "எங்கண்ணனுக்கு இன்னா மருந்து குடுத்த?"

"கஞ்சி."

"பொய் சொல்லாத."

"கத்தி கழுத்துல இருக்கும்போது நான் பொய் சொல்றதில்ல கவுண்டரே. நீங்களும் ஆடாம இருங்க" என்றேன். அவன் கண் மட்டும் சுவரில் இருந்த படங்கள் மேலேயே இருந்தது. அந்தக் காலத்தில் ஸ்டெப் கட்டிங் வந்த புதிது. காதை மூடி, கழுத்தில் புரள வெட்டிய தலைகளின் படங்களை ஒட்டி வைத்திருந்தேன். அவற்றைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான். நான் அதை மனசில் குறித்துக்கொண்டேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு என்னை வரச் சொல்லி வேடியப்பன் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். கடையைப் பூட்டிவிட்டு முதல் நாளே ஏறினேன். காலையில் என் கையாலேயே குடுமி போட்டேன். புகை காட்டி, கோதி, காற்றோட்டமாக முடிந்து விட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நல்ல கொய்யாக்காய். என் வாழ்க்கையில் நான் போட்ட குடுமிகளில் அதுதான் உசத்தி. சின்னக்குழந்தை இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்தான்.

மேளத்தோடு ஊற்றுக்குப் போனோம். ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் ரங்கசாமி பிறையைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். வயசான மனுஷர். காது மந்தம், கண் மட்டும் கழுகு. நான் வேடியப்பன் பக்கத்தில் போய், "தைரியமா நடங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊற்றுக்குள் இறங்கினார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"முழுவறதுக்கு."

"எதை முழுவறதுக்கு?"

"தலையைத்தான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு முழுக்குப் போட்டார். நான் "ஐயையோ" என்பதற்குள் இன்னொன்று. கூட்டம் "காளீ" என்று கத்தியது. மூன்றாவது முழுக்கும் போட்டுவிட்டு எழுந்தார். மழையில் மாட்டிய கோழிக்குஞ்சு தேவலை. மாசியிலிருந்து நான் பாடுபட்டு எழுப்பிய முடி மொத்தமும் மண்டையோடு படுத்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு, பழைய எலிவாலாகப் பிடரியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கரைக்கு வந்தவரைப் பிடித்தேன். "கவுண்டரே! முழுவணும்னு ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "குளிக்காம எவனாவது சாமி எடுப்பானா? நீ கேக்கவே இல்லியே?"

அது அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அப்பா, தாத்தா எல்லாருக்கும் கம்பி முடி, நனைந்தாலும் நிற்கும். அவர் எலுமிச்சம்பழம் கிடைத்த சந்தோஷத்தில் தண்ணீரை யோசிக்கவே இல்லை. தலை நனையாமல் திருவிழா நடக்காது என்பது எனக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் யார் யோசித்தது? அப்போதுதான் அவர் கையால் பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

சின்னக்குழந்தை பின்னால் வந்து நின்று வேட்டியை வரிந்து கட்டினான். "நேரமாவுது, பிறையைச் செருகுங்க பெரியப்பா" என்றான் ஊர்க் கவுண்டரிடம்.

நான் மேளக்காரர்களைப் பார்த்தேன். அதில் பெரியவர் என் கடை வாடிக்கை, கண் ஜாடை புரிந்த மனுஷர். உடனே மேளத்தைத் தட்டிப் பார்த்து, "தோலு தொங்குது, சூடு காட்டணும். செத்த பொறுங்க" என்றார். சருகைக் கூட்டி நெருப்பு மூட்டினார்கள். மேளம் காய்கிற வரைக்கும் ஊர்வலம் கிளம்ப முடியாது. யார் என்ன சொல்ல முடியும்?

நேரம் கிடைத்தது. ஆனால் வெறுமே காய்ந்தால் போதாது. அலசின முடி வழுக்கும், பித்தளை நிற்காது. கஞ்சி வேண்டும். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் செல்லி வந்துவிட்டாள். அவள் இடுப்பில், மற்ற பொம்பளைகள் எல்லார் இடுப்பிலும் இருந்த மாதிரியே, காளிக்கு ஊற்றக் கொண்டு போகிற சாமைக் கஞ்சிக் குடம். முந்தின நாள் காய்ச்சியது. மேலே தெளிந்து, லேசாகப் புளித்து நின்றது. குடத்தைச் சாய்த்தாள், புருஷன் தலையில் தெளிவை ஊற்றினாள், விரலால் வேர் வேராகத் தேய்த்தாள்.

"தே! இன்னா பண்றீங்க?" சின்னக்குழந்தை குதித்தான். "தலைக்குப் பசை போடுறாங்க! இது செல்லாது! பெரியப்பா, பாருங்க!"

ரங்கசாமிக் கவுண்டர் தட்டோடு நடந்து வந்தார். "இன்னாது அது?"

செல்லி நிமிர்ந்தாள். குடத்தைக் கீழே வைக்கவில்லை. "கொழுந்தனாரு இதைப் பசைன்றாரு மாமா. ஆத்தாளுக்கு ஊத்துற கஞ்சி இது. ஊருப் பொம்பளைங்க எல்லாம் இதைத்தான் சுமந்துக்கிட்டு நிக்கிறோம். ஆத்தா கஞ்சி பசைதானான்னு நல்லாக் கேளுங்க. அவரு வாயால ஊரு முன்னாடி சொல்லட்டும்."

கஞ்சிக் குடம் வைத்திருந்த பொம்பளைகள் எல்லாரும் சின்னக்குழந்தை பக்கம் திரும்பினார்கள். அவன் பொண்டாட்டியும் குடம் வைத்திருந்தாள். அவளும் திரும்பினாள்.

"நான் அப்படிச் சொல்லலை..." என்றான்.

"வேற எப்படிச் சொன்ன?" என்றாள் அவன் பொண்டாட்டி.

ரங்கசாமிக் கவுண்டர் விரல் விட்டு எண்ணினார். கயிறு கூடாது, ஊசி கூடாது, சவுரி கூடாது. கஞ்சி கூடாது என்று அவருடைய தாத்தா சொன்னதாக ஞாபகம் இல்லை. "ஆத்தா பண்டம். தப்பில்ல" என்றார்.

பிறகு என் வேலை. மேளம் காய்கிற நெருப்புப் பக்கத்தில் வேடியப்பனைக் குனிய வைத்தேன். பூசாரி தட்டில் குங்கிலியம் இருந்தது, சாமிக்கு என்று எடுத்து நெருப்பில் போட்டேன். புகை எழும்ப எழும்ப, தலையைத் தொங்கப் போட்டு, வேரிலிருந்து கோதினேன். வெயில் ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம். மேளக்காரப் பெரியவர் தட்டிப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், "இன்னும் பதம் வரலை" என்பார். நல்ல மனுஷர். முடி ஒவ்வொன்றாக எழுந்தது. எழுந்ததைக் கஞ்சி அப்படியே பிடித்து நிறுத்திற்று. குடுமி போட்டேன். காலையில் போட்டதைவிடப் பெரிது என்று சொன்னால் மலைக்காரர்கள் சாட்சி சொல்வார்கள். ஊர்க் கவுண்டர் பிறையைச் செருகினார். நின்றது.

"மேளம் காஞ்சிடுச்சி" என்றார் பெரியவர்.

ஊர்வலம் கிளம்பியது. இரண்டு கையிலும் குடம், தலையில் பிறை, முன்னால் மேளம், பின்னால் சின்னக்குழந்தை, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு. நான் பக்கத்திலேயே நடந்தேன். மேடு ஏறும்போது பிறை லேசாக ஆடும், நான் காளியைக் கூப்பிடுவேன். பாறைத் திருப்பத்தில் ஆடிற்று. புளியந்தோப்பில் ஆடிற்று. செல்லி வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் நடந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோயில் கண்ணுக்குத் தெரிந்தபோது வேடியப்பன் நின்றார். மூக்கைச் சுருக்கினார். கண் பாதி மூடிற்று. குங்கிலியப் புகை மூக்கில் ஏறியிருந்தது.

"வேணாம்..." என்றேன் நான்.

"இன்னாது வேணாம்?" என்றாள் செல்லி.

வந்தே விட்டது. அது சாதாரணத் தும்மல் இல்லை, தேனெடுக்கிறவன் நெஞ்சிலிருந்து வருகிற தும்மல். குடத்துத் தண்ணீர் தளும்பி முன்னால் போன மேளக்காரர் முதுகில் விழுந்தது. தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. பிறை முழுசாகச் சாய்ந்தது. சின்னக்குழந்தை பாய்ந்து இரண்டு கையையும் அதற்கு நேரே பிடித்தான்.

பிறை விழவில்லை. காது பக்கமாகச் சரிந்து, தேய்பிறை மாதிரி தொங்கிக்கொண்டு, அப்படியே நின்றது. சாமைக் கஞ்சி காய்ந்து பிடித்த பிடி. வேடியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தார். சின்னக்குழந்தை ஏந்தின கையோடு கோயில் வாசல் வரைக்கும் வந்தான். அங்கே யாரோ அதில் விபூதி போட்டார்கள்.

பிறையை எடுக்கப் போன ரங்கசாமிக் கவுண்டருக்கு அது வரவில்லை. இழுத்தார். வேடியப்பன் தலையும் கூடவே வந்தது. இன்னும் இழுத்தார். "ஆ... மெதுவா பெரியப்பா!" கடைசியில் பத்துப் பதினைந்து முடியோடுதான் பிறை வந்தது. கவுண்டர் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். "ஆத்தா வுட மாட்டேன்னுட்டா!" என்றார். அதற்கு மேல் யார் பேச முடியும்?

உரிமை வேடியப்பன் வூட்டிலேயே நின்றது. செல்லி அன்றைக்கு என் இலையில் வைத்த தேனுக்கு அளவே இல்லை. "அண்ணே, கஞ்சி உன்னுது, குடம் என்னுது" என்றாள். பங்கு பிரித்தாயிற்று. நான் ஒத்துக்கொண்டேன்.

அடுத்த சந்தையன்று கடையைத் திறக்கும்போதே சின்னக்குழந்தை வாசலில் உட்கார்ந்திருந்தான். நேராக வந்து நாற்காலியில் ஏறினான். குடுமியை அவிழ்த்துவிட்டு, சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இதே மாதிரி வெட்டு. இனிமே இதை வச்சிக்கிட்டு இன்னாத்துக்கு?" என்றான். முதல் வெட்டு விழுந்ததும் அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். அத்திக்கொல்லையில் முதல் ஸ்டெப் கட்டிங் அவன்தான். அந்த முடிக்கு அது அப்படிப் பொருந்திற்று. அவன் மலையேறிப் போனபிறகு, அடுத்த வாரம் அந்த ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் என் கடையில் வரிசையில் நின்றார்கள்.

வேடியப்பன் அதற்குப் பிறகு முடி வெளுத்துக் கொட்டுகிற வரைக்கும் பிறை எடுத்தார். ஒருதரமும் விழவில்லை. அவருக்குப் பிறகு அவர் மகன் எடுக்கிறான். அவனுக்குத் தாத்தா முடி, மரம் மாதிரி நிற்கும். ஆனாலும் ஊற்றில் முழுகி எழுந்ததும், தலையில் சாமைக் கஞ்சி ஊற்றி, குனிய வைத்துக் குங்கிலியப் புகை காட்டாமல் பிறை செருகுவதில்லை. அந்தக் கஞ்சியில் மிச்சத்தைப் பொம்பளைகள் வாங்கித் தங்கள் தலையில் தடவிக்கொள்கிறார்கள். மேளக்காரர்கள், தோல் நன்றாக இருந்தாலும், அந்த நேரத்தில் நெருப்பு மூட்டி, "இன்னும் பதம் வரலை" என்று சொல்லியாக வேண்டும்.

போன திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒருத்தர், இது எதற்காகச் செய்கிறீர்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டார். ஆதி காலத்தில் காளி, பிறை எடுக்கிறவர் கனவில் வந்து, "எனக்கு ஊத்துற கஞ்சியை உன் தலையில முதல்ல ஊத்து" என்று உத்தரவு போட்டாளாம். இதை ஒரு பெரியவர் கண்ணில் நீர் வரச் சொன்னார். யார் தெரியுமா? சின்னக்குழந்தை. தலை இப்போது மொட்டை வழுக்கை.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். செல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என் கையைக் கிள்ளினாள்.

"சும்மா இருண்ணே. கனவுல வந்த ஆத்தா கையில கத்திரி வச்சிருந்தாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றாள்.